மூடூல்ஸ் என்னும் கருவிப்பெட்டி: ஓர் இரும்புக்கடைக்காரரின் குறிப்புகள்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல வந்தவாசி வட்டாரத்துக் கல்வெட்டு ஒன்றையோ, சமணப் புலவர் இயற்றிய இலக்கண நூல் ஒன்றையோ எடுத்துக்கொண்டு வருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். கடந்த மலர்களில் அதைத்தான் செய்தேன். எத்தனை பேர் படித்தீர்கள் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்தப் போவதில்லை. இம்முறை பொருள் வேறு. நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் கணினி முன்னால் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. சம்பந்தம் பேசும்போது "பையன் சாஃப்ட்வேர்ல இருக்கான்" என்கிறோம். அதற்கு மேல் யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறோம். நானும் பல காலம் அப்படித்தான் இருந்தேன்.

எனக்குப் புனே ரவிவார் பேட்டில் நட்டு, போல்ட், கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை. 1979-இல் மாமாவின் கடைக்குக் கணக்கெழுத வந்தவன். பள்ளிப் படிப்போடு சரி; மீதியெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து படித்தது. 2009-ஆம் ஆண்டு, பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் தம்பி மகன் விடுமுறைக்கு வந்தவன் சும்மா இருக்க முடியாமல் கடைக்கு ஒரு விலைப்பட்டியல் பக்கம் செய்து கொடுத்தான். சாமான் பெயரையும் அளவையும் தட்டினால் விலை, இருப்பு எல்லாம் வந்து நிற்கும். எண்ணிக்கை போட்டால் எஸ்டிமேட் தயார். எதை வைத்துச் செய்தாய் என்று கேட்டேன். "மூடூல்ஸ், பெரியப்பா" என்றான். முப்பது வருஷம் டூல்ஸ் விற்கிற எனக்குத் தெரியாத டூல்ஸா! என்ன விலை என்றேன். விலை கிடையாது என்றான். விலை இல்லாத சரக்கு என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வியாபாரிக்கு வரத்தானே செய்யும். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் படித்ததும், அவனைத் துளைத்துத் துளைத்துக் கேட்டதும்தான் இக்கட்டுரை.

பெயர் விளக்கம் முதலில். "மை ஆப்ஜெக்ட் ஓரியன்டட் டூல்ஸ்" என்பதன் சுருக்கமே மூடூல்ஸ். பொருள்நோக்குக் கருவிகள் என்று தமிழில் சொல்லலாம். மாடு கத்துவதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று அவன் சொன்னதை நான் முழுமையாக நம்பவில்லை.

மொழியும் அதன் குடும்பமும்

இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கிறோம். எழுத்தும் படமும் வருவது ஒரு பகுதி. பொத்தானை அழுத்தினால் பட்டியல் விரிவதும், எண்ணைப் போட்டால் மொத்தம் மாறுவதும் இன்னொரு பகுதி. இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் மொழிக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவத்தைப் பத்து நாட்களில் எழுதினார். முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட், அந்த ஆண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர்கள் மாறின. ஜாவா என்னும் மொழி அப்போது பிரபலம். அதன் பெயரை ஒட்டினால் சரக்கு நகரும் என்று நினைத்தார்கள். எங்கள் தெருவிலும் இப்படி ஒட்டிய பெயர்கள் உண்டு. 1997-இல் எக்மா என்னும் தர அமைப்பு இம்மொழிக்கு இலக்கணம் வெளியிட்டது. இன்று அந்த இலக்கணத்தைக் கவனித்துக்கொள்ளும் குழுவுக்கு டிசி39 என்று பெயர். இந்தப் பெயரை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பின்னால் வரும்.

பொருள்நோக்கு நிரலாக்கம் என்பது என்ன? பழைய முறையில் கணக்கு ஒரு பக்கம், கணக்குப் போடும் முறை இன்னொரு பக்கம். புதிய முறையில் ஒவ்வொரு பொருளும் தன் விவரத்தையும் தன் வேலையையும் தானே வைத்திருக்கும். போல்ட் ஒன்றுக்கு அளவு, விலை, இருப்பு ஆகியவை விவரம். "உன் விலையைச் சொல்", "இருப்பில் பத்தைக் கழி" என்பவை வேலை. இந்த எண்ணம் 1960-களில் நார்வே நாட்டில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்னும் இருவர் உருவாக்கிய சிமுலா மொழியிலிருந்து வருகிறது. அதில் முதலில் ஓர் அச்சு செய்ய வேண்டும். அச்சிலிருந்து பொருள்களை வார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் அச்சை கிளாஸ் என்பார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் பிறந்தபோது அதில் அச்சு கிடையாது. அதற்குப் பதில் பரம்பரை இருந்தது. நம் கூட்டுக் குடும்பம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரனிடம் போய்ச் சுத்தியல் கேட்கிறோம். அவனிடம் இல்லை, அப்பாவைக் கேட்பான். அப்பாவிடமும் இல்லை, தாத்தாவின் பெட்டியில் பார்ப்பார்கள். தாத்தாவிடம் இருந்தால் அது எல்லோரிடமும் இருப்பது போலத்தான். இந்தத் தாத்தாவுக்கு அம்மொழியில் புரோட்டோடைப் என்று பெயர். மூலவுரு என்று சொல்லலாம். ஒரு பக்கத்தில் எத்தனை பட்டியல்கள் இருந்தாலும் அத்தனைக்கும் ஒரே தாத்தா. எத்தனை சொற்றொடர்கள் இருந்தாலும் அத்தனைக்கும் இன்னொரு தாத்தா. அந்தத் தாத்தாவின் பெட்டி பூட்டு இல்லாத பெட்டி. யார் வேண்டுமானாலும் ஒரு புதுக் கருவியை அதில் போடலாம். அந்தக் கணமே பேரன் பேத்தி எல்லோருக்கும் அது கிடைத்துவிடும். இனி நான் சொல்லப்போகும் எல்லாச் சிக்கலுக்கும் இந்தப் பூட்டில்லாத பெட்டிதான் காரணம்.

பெட்டி கட்டிய விதம்

2005 வாக்கில் இணையப் பக்கம் எழுதுவது பெரும் அவஸ்தையாக இருந்ததாம். ஒரே வேலையை மைக்ரோசாஃப்டின் உலாவிக்கு ஒரு விதமாகவும் ஃபயர்பாக்ஸுக்கு வேறு விதமாகவும் எழுத வேண்டும். இதற்கு உவமை எனக்கு வெளியே தேட வேண்டியதில்லை. அரை அங்குல போல்ட்டில் பிரிட்டிஷ் விட்வொர்த் மரை அங்குலத்துக்கு 12. அமெரிக்க மரை 13. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நட்டு ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு சிக்கிக்கொள்ளும். ஜோசப் விட்வொர்த் 1841-இல் மரைக்குப் பொது அளவு வேண்டும் என்று முன்வைத்தார். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. 2005-இல் உலாவிகளின் நிலை ஏறத்தாழ அதுதான்.

ஆகவே வித்தியாசங்களையெல்லாம் உள்ளே மறைத்து, மேலே ஒரே கைப்பிடி கொடுக்கும் நிரல் தொகுப்புகளைச் சிலர் எழுதி இலவசமாக வெளியிட்டார்கள். இவற்றைத்தான் லைப்ரரி, நூலகம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. நூலகத்துப் புத்தகத்தைப் படித்துத் திருப்பிக் கொடுப்போம், இதை எடுத்து நம் நிரலுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறோம். கருவிப்பெட்டி என்றே சொல்கிறேன். 2005-இல் சாம் ஸ்டீஃபன்சன் எழுதிய புரோட்டோடைப், மொழியில் உள்ள அம்சத்தின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. அதன்மேல் பொருத்திக்கொள்ள அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியரான வலேரியோ புரோயெட்டி மூ.எஃப்எக்ஸ் என்ற சிறு துணைக்கருவியை எழுதினார். பக்கத்தில் பொருள்களை மெல்ல நகர்த்தவும் மங்கவைக்கவும் அது பயன்பட்டது. பிறகு தாங்கும் பெட்டியையும் தானே எழுதிவிடலாம் என்று முடிவு செய்து, 2006 செப்டம்பரில் மூடூல்ஸை வெளியிட்டார். டீன் எட்வர்ட்ஸ் என்பவரின் வேலையும் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. அதே 2006-இல் ஜான் ரெசிக் என்பவர் ஜேகுவரி என்ற இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தார்.

மூடூல்ஸின் சிறப்பு, மொழியில் இல்லாத அச்சை அது செய்து கொடுத்தது. "கிளாஸ்" என்று ஒன்றை எழுதி, இன்னதன் வாரிசு என்று ஒரு வரி, இன்னின்ன குணங்களைக் கடன் வாங்குகிறது என்று ஒரு வரி, பிறக்கும்போது செய்ய வேண்டியது இன்னது என்று ஒரு பகுதி. மகன் தன் வேலையைச் செய்துகொண்டே "அப்பா இதை எப்படிச் செய்வாரோ அப்படியும் செய்" என்று கூப்பிடவும் வழி உண்டு. எங்கள் கடைப் பக்கத்தில் "சாமான்" என்பது ஓர் அச்சு. "எடைச் சாமான்" அதன் வாரிசு. ஆணியை எடையில் விற்போம், கீலை ஜோடியில் விற்போம், ஆகவே விலை போடும் வேலை மட்டும் மாறும். நான் பார்த்துப் புரிந்துகொண்ட முதல் நிரல் அதுதான். பேரேட்டில் தலைப்புக்குள் கிளைத்தலைப்பு போடுபவனுக்கு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

இன்னொரு நல்ல வழக்கமும் மூடூல்ஸுக்கு இருந்தது. முழுப் பெட்டியையும் தூக்க வேண்டாம். வேண்டிய பகுதிகளை மட்டும் குறியிட்டு இறக்கிக்கொள்ளலாம். இணையம் மெதுவாக ஊர்ந்த அந்தக் காலத்தில் இது பெரிய உபகாரம்.

ஆனால் பூட்டில்லாத தாத்தா பெட்டி விஷயத்தில் பெட்டிக்காரர்கள் இரண்டு கட்சியானார்கள். புரோட்டோடைப்பும் மூடூல்ஸும் தங்கள் கருவிகளை நேராகத் தாத்தாவின் பெட்டியிலேயே போட்டன. பட்டியலைக் கூப்பிட்டு "உனக்குள் இது இருக்கிறதா?" என்று நேரடியாகக் கேட்கலாம், எழுதுவதற்கு அழகு, படிப்பதற்கும் அழகு. ஜேகுவரியோ தாத்தாவைத் தொடவில்லை. தனக்கென்று ஓர் உறை செய்து, பக்கத்தின் பொருள்களை அதற்குள் வைத்து வேலை வாங்கியது. அப்போது இரண்டாவது முறை பலருக்குச் சுற்றுவழியாகத்தான் தெரிந்தது. என் தம்பி மகனும் மூடூல்ஸ் பக்கம்தான். "பெரியப்பா, அது மொழியை மதிக்குது, மத்தது மூட்டை கட்டுது" என்பான். வயது அப்படி.

விலை இல்லாததன் நிபந்தனை

மூடூல்ஸ் எம்ஐடி உரிமம் என்னும் சிறு ஒப்பந்தத்தின் கீழ் வெளிவந்தது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய். எழுதியவர் பெயருள்ள அறிவிப்பை மட்டும் நீக்காதே. சரக்கு இருக்கிறபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது. மூல நிரல் எல்லோரும் படிக்கும்படி திறந்தே இருக்கும். இத்தகைய மென்பொருளுக்கு ஓப்பன் சோர்ஸ் என்னும் பெயர் 1998-இல் வழக்கத்துக்கு வந்தது. தமிழில் திறமூலம் என்கிறார்கள், நல்ல சொல்.

எங்கள் சமண மரபில் தானம் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், நூல். நூலைப் படியெடுத்துக் கொடுப்பது நான்காவது தானம். திறமூலம் என்று கேட்டதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஓலைச்சுவடியைக் கொடுத்தவரிடம், "ஐயா, போன வருஷம் கொடுத்த சுவடியில் நாலாவது ஏடு சரியில்லை, ராத்திரிக்குள் திருத்திக் கொடு" என்று எவரும் கேட்டதில்லை. இங்கே கேட்கிறார்கள்.

2012 டிசம்பரில் ஒரு நாள்

அந்த வருஷக் கடைசியில் தம்பி மகன் பெங்களூரிலிருந்து இரவு ஒன்பதரைக்குப் போன் செய்தான். "பெரியப்பா, கடை கம்ப்யூட்டரை அணைச்சிடாதீங்க. ஒரு ஃபைல் மாத்தணும்." எனக்குக் கோபம். "ஓடுற வண்டியை ஏண்டா பிரிக்கிற?" என்றேன். அடுத்த வாரம் நேரில் வந்தபோது, வெளிவர இருந்த ஃபயர்பாக்ஸ் 18-இன் முன்னோட்டப் பதிப்பைத் தன் மடிக்கணினியில் திறந்து, அதில் எங்கள் பக்கத்தின் பழைய நகலை ஓட்டிக் காட்டினான். "6" என்று அளவைத் தட்டினான். 6 மில்லிமீட்டர் போல்ட் வந்தது. கூடவே 16, 36 எல்லாம் வந்தன. நான் வாயடைத்துப் போனேன். பக்கம் நின்றுபோயிருந்தால்கூடப் பரவாயில்லை, பேனாவை எடுத்து எழுதியிருப்பேன். இது நிற்காமல், முகம் மாறாமல், தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவசரத்தில் பையன் மேலே வந்த முதல் வரியைத் தொட்டு விலை போட்டிருந்தால் யார் பிடித்திருப்பார்கள்?

காரணம் இது. "கன்டெயின்ஸ்" என்று ஒரு செயலை மூடூல்ஸ், சொற்றொடர்களின் தாத்தா பெட்டியில் போட்டிருந்தது. இந்தச் சொல் இதற்குள் இருக்கிறதா என்று கேட்பதற்கு. இரண்டாவது விவரமாகப் பிரிப்பான் ஒன்றைக் கொடுக்கலாம். இடைவெளியைப் பிரிப்பானாகக் கொடுத்தால் முழுச் சொல்லாக இருந்தால்தான் "இருக்கிறது" என்று சொல்லும். "16 போல்ட்" என்பதற்குள் 6 என்னும் சொல் இல்லை அல்லவா? எங்கள் பக்கம் அதை நம்பித்தான் ஓடியது. இதற்கிடையில் மொழியின் இலக்கணக் குழு தானாகவே அதே பெயரில் ஒரு செயலை மொழிக்குள் கொண்டுவர முடிவு செய்தது; ஆனால் அவர்களுடைய செயலில் இரண்டாவது விவரம் பிரிப்பான் அல்ல, எந்த இடத்திலிருந்து தேட வேண்டும் என்னும் எண். பிரிப்பானை அது மதிக்காது. 16-க்குள் 6 என்ற எழுத்து இருப்பதைப் பார்த்து "ஆம்" என்றுவிடும்.

மூடூல்ஸ் 1.2 எப்படி நடந்துகொண்டது என்பதுதான் ரசமானது. தாத்தாவின் பெட்டியில் அந்தப் பெயரில் ஏற்கெனவே கருவி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மரியாதையாக விலகிவிடும். இல்லையென்றால் மட்டும் தன்னுடையதை வைக்கும். அந்த மரியாதையே வினையாயிற்று. ஃபயர்பாக்ஸ் 17-இல் புதுச் செயலைச் சேர்த்தபோது பல தளங்கள் பழுதானதாகத் தகவல் வந்து, அந்தப் பதிப்பில் அதை முடக்கிவைத்தார்கள். அடுத்த பதிப்பான 18-இல் மீண்டும் வந்தது. மூடூல்ஸ்காரர்களுக்குச் செய்தி போயிற்று. அவர்கள் அதற்குள் 1.3, 1.4 என்று முன்னேறிவிட்டிருந்தார்கள். 1.3 முதலே இந்தச் சிக்கல் கிடையாது. எது இருந்தாலும் தன் கருவியைத்தான் வைக்கும். ஆனாலும் 1.2-ஐ விட்டு நகராத என் போன்ற கடைக்காரர்களுக்காகப் பழைய கிளைக்குத் திரும்பிப் போய் 1.2.6 என்ற பதிப்பை வெளியிட்டார்கள். ஒரு பைசா வாங்காமல். அன்றிரவு எங்கள் கடையில் மாற்றிய கோப்பு அதுதான்.

பராமரிப்பு என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். புதிது செய்வதல்ல, நாம் விட்டுவந்த பழையதை இன்னும் எவனோ நம்பிக்கொண்டிருக்கிறான் என்பதற்காகத் திரும்பிப் போவது. நானும் இன்றுவரை விட்வொர்த் நட்டு இருப்பு வைத்திருக்கிறேன். மாதத்துக்கு நாலு விற்றால் அதிகம். பழைய லேத், பழைய பம்பு வைத்திருப்பவன் வேறெங்கே போவான்? ஆனால் நான் அதற்குக் காசு வாங்குகிறேன்.

மொழியே விலகி நின்ற கதை

சொற்றொடருக்கு வந்த வம்பு பட்டியலுக்கும் வந்தது. 2014-இல் பட்டியல்களின் தாத்தாவுக்கும் "கன்டெயின்ஸ்" சேர்க்கலாம் என்று ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் வைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் மூடூல்ஸ் தளங்கள் பழுதாயின. இம்முறை டிசி39 பெயரையே மாற்றிக்கொண்டது. இரண்டுக்கும் "இன்க்ளூட்ஸ்" என்று பெயர். சொற்றொடருக்கானது 2015 தரத்திலும் பட்டியலுக்கானது 2016 தரத்திலும் சேர்ந்தன.

பெரிய கலாட்டா 2018 மார்ச்சில். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் அதைத் தட்டையாக்கி ஒரே பட்டியலாகத் தரும் செயலுக்கு "ஃப்ளாட்டன்" என்று பெயர் வைக்கத் திட்டம். மூடூல்ஸில் அந்தப் பெயர் பல ஆண்டுகளாக இருந்தது. "அதான் தன்னுடையதைத்தானே வைத்துக்கொள்ளும், பிறகு என்ன?" என்று நான் கேட்டேன். வைத்துக்கொண்டது, ஆனாலும் உடைந்தது. மூடூல்ஸ் தான் பட்டியல்களுக்குச் சேர்த்த கருவிகளையெல்லாம் ஒரு சுற்று எண்ணி எடுத்து, தன்னுடைய இன்னொரு பொருளுக்கும் படியெடுக்கும். மொழி தானாக வைத்திருக்கும் கருவிகள் இந்த எண்ணிக்கையில் அகப்படாது; பிறர் சேர்த்தவை மட்டும் அகப்படும். இப்போது மொழியே "ஃப்ளாட்டன்" என்று ஓர் ஆணியை அடித்து, எண்ணிக்கையில் வராத ஆணி என்று குறித்து வைத்துவிட்டது. மூடூல்ஸ் அதே ஆணியில் தன் கருவியை மாட்டியது. கருவி மூடூல்ஸுடையது, ஆணி மொழியுடையது. எண்ணும்போது ஆணியைப் பார்த்துத்தான் எண்ணுவார்கள். ஆகவே அந்தக் கருவி விடுபட்டுப் போயிற்று. அது தேவைப்பட்ட பக்கங்கள் சிக்கின. இந்த விளக்கத்தை நான் மூன்று முறை கேட்ட பிறகுதான் விளங்கிக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விலகினாலும் கெட்டது, பிடித்துக்கொண்டாலும் கெட்டது. இந்தச் சந்தர்ப்பத்தில் குழுவைச் சேர்ந்த ஒருவர், "ஃப்ளாட்டன்" வேண்டாம், "ஸ்மூஷ்" என்று வைத்துவிடலாம் என்று பாதி வேடிக்கையாக முன்மொழிந்தார். நசுக்கு, பிசை என்பது போன்ற கொச்சைச் சொல் அது. நிரலாளர் உலகமே கொதித்தது. செத்துப்போன பழைய பெட்டிக்காக மொழியைக் கெடுப்பதா, உடையட்டும் அந்தத் தளங்கள் என்றனர் ஒரு சாரார். அந்தத் தளங்களை எழுதியவன் எப்போதோ போய்விட்டான், உடைந்தால் துன்பப்படப்போவது அதைத் திறந்து பார்க்கும் சாதாரண ஆள்தான் என்றனர் மறுசாரார். இணையத்தை உடைக்காதே என்பது டிசி39-இன் நெடுநாள் கொள்கை. 2018 மே மாதக் கூட்டத்தில் "ஃப்ளாட்" என்ற பெயர் முடிவாயிற்று. 2019 தரத்தில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இலக்கணம் படிக்கிறவன் என்ற முறையில் இது எனக்குப் பெரிய வியப்பு. வழக்கைப் பார்த்து இலக்கணம் வளைவது நாம் அறிந்ததே. ஆனால் கோடிக்கணக்கானோர் பேசும் ஒரு மொழி, ஆளில்லாத சில வீடுகளின் கதவு தட்டாமல் இருக்க வேண்டுமென்று தன் சொல்லை மாற்றிக்கொள்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை. உடையட்டும் என்றவர்கள் கட்சியிலும் நியாயம் உண்டு. 2006-இல் சில இளைஞர்கள் அழகுக்காகப் பொதுப்பெட்டியில் போட்ட பெயர்களுக்கு, இனி வரும் தலைமுறையெல்லாம் வழிவிட வேண்டும் என்பது நியாயமா? எனக்கு விடை தெரியும்போல இருக்கும். பிறகு என் கடைப் பக்கம் நினைவுக்கு வந்துவிடும்.

எழுதியவன் பாடு

தம்பி மகனும் மூடூல்ஸுக்கு ஒரு துணைக்கருவி எழுதி வெளியிட்டிருந்தான். எண்ணை நம் முறையில் லட்சம், கோடி என்று காற்புள்ளி வைத்துக் காட்டும் சின்னக் கருவி. இத்தகையவற்றைப் பகிர்ந்துகொள்ள ஃபோர்ஜ் என்று ஓர் இடம் வைத்திருந்தார்கள். பட்டறை, உலை என்று பொருள். பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வருஷம் அவனுக்கு ஒரே பெருமை. முன்பின் தெரியாதவர்கள் நன்றி எழுதினார்கள். பிறகு குறைகள் வர ஆரம்பித்தன. கழித்தல் குறி போட்டால் காற்புள்ளி தப்பாக விழுகிறது, பழைய உலாவியில் ஓடவில்லை, மூடூல்ஸ் 1.3-க்கு மாறியதும் நின்றுவிட்டது. ஒன்றைத் திருத்தினால் சரியாக ஓடிய இன்னொன்று கெடும். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய சோதனைகள் அத்தனையையும் திரும்ப ஓட்ட வேண்டும். பதிப்பு எண் போட வேண்டும். என்ன மாறியது என்று எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்ததை யாரும் படிக்காமல் அதையே கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். என் தம்பி இருதய சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். ஆபீஸ் வேலை என்று நினைத்தேன். எங்கோ ஒரு நாட்டுக்காரன், மூன்று வாரமாகச் சொல்லியும் திருத்தவில்லை, இது என்ன பொறுப்பில்லாத்தனம் என்று எழுதியிருந்தானாம். "காசு வாங்காத கடைக்கு ஏண்டா இத்தனை சண்டைக்காரன்?" என்று சத்தம் போட்டேன். அவன் சிரிக்கவில்லை. "அவன் சொல்ற குறை நெஜம் பெரியப்பா" என்றான்.

2013-இல் நிறுத்திவிட்டான். இனிப் பராமரிப்பு இல்லை, விரும்பியவர் எடுத்து நடத்தலாம் என்று இரண்டு வரி எழுதிவைத்தான். யாரும் எடுக்கவில்லை. ஆனால் கருவியை அழிக்கவும் இல்லை. கடையை மூடினால் போர்டைக் கழற்ற வேண்டாமா என்று கேட்டதற்கு, 2016 மார்ச்சில் நடந்த ஒன்றைப் பிற்பாடு எடுத்துச் சொன்னான். லெஃப்ட்-பேட் என்று 11 வரிக் கருவி. எழுதியவர் ஒரு பெயர்த் தகராறில் மனம் கசந்து, தன் கருவிகள் எல்லாவற்றையும் பொதுக் களஞ்சியத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். அதை நேராகவோ சுற்றிவளைத்தோ நம்பியிருந்த பெரிய பெரிய தொகுப்புகள் சில மணி நேரம் கட்டமுடியாமல் நின்றன. களஞ்சியத்தார் அதைத் தாங்களே திரும்ப வைத்தார்கள். வெளியிட்டு 24 மணி நேரம் கடந்ததை எளிதில் திரும்ப எடுக்க முடியாது என்று விதியும் செய்தார்கள். உரிமத்தில் எழுத்து என்னவாக இருந்தாலும் நடைமுறை இதுதான். உத்தரவாதம் இல்லை என்று கொடுத்தவன் சொல்கிறான்; இருக்கிறது என்று உலகம் எடுத்துக்கொள்கிறது.

மூடூல்ஸ் குழுவினரும் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். டாம் ஒக்கினோ, செபாஸ்டியன் மார்க்பாகே போன்றோர் பேஸ்புக்கில் சேர்ந்து, 2013-இல் வெளியான ரியாக்ட் என்னும் புதிய பெட்டியின் வளர்ச்சியில் பங்கெடுத்தார்கள். இன்று நம் பிள்ளைகள் பலருக்குச் சோறு போடுவது அந்த ரியாக்ட்தான். 2015-இல் மொழிக்குள்ளேயே "கிளாஸ்" வந்துவிட்டது. மூடூல்ஸ் எந்தக் குறையை நிரப்பப் பிறந்ததோ அந்தக் குறையே இல்லாமல் போயிற்று. 2016-இல் 1.6.0 பதிப்பு வந்தது. 1.5 பதிப்பிலிருந்து மூடூல்ஸைத் தன்னோடு சேர்த்துக் கொடுத்துவந்த ஜூம்லா என்னும் தள மென்பொருளும், 2021-இல் தன் நான்காம் பதிப்பில் அதை நீக்கிவிட்டது. ஜேகுவரிக்கு மட்டும் இன்றும் ஓர் அறக்கட்டளையின் ஆதரவும் பராமரிப்பாளர்களும் உண்டு.

எங்கள் கடையில் இன்னும் 1.2.6 ஓடுகிறது. போன பொங்கலுக்கு வந்த தம்பி மகன் அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். மூன்று நாள் லீவு போட்டு வந்து, எந்தப் பெட்டியும் இல்லாமல் மொழியிலேயே எழுதித் தருகிறேன், இப்போது அதற்கு எதுவும் தேவையில்லை என்றான். சரி என்று சொல்லியிருக்கிறேன். சாமான்களின் பட்டியலைச் சரிபார்த்து வைக்கும்படி வேலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். விட்வொர்த் பகுதி முடிந்துவிட்டது, கீல்களில் பாதி பாக்கி. லட்சத்துக்குக் காற்புள்ளி வைக்கிற அந்தச் சின்னக் கருவியை மட்டும் அப்படியே விட்டுவிடு என்று கேட்டேன். அதுவும் இப்போது உலாவியிலேயே இருக்கிறதாம்.